மூன்றில் எதை விடுவது?

அன்புள்ள ஐயாவுக்கு,

கிளிநொச்சியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் படிப்பிக்கிறேன். இரவில் கொழும்புக் கம்பனி ஒன்றுக்குத் தரவுப் பொறியியல் வேலை, அதாவது சிதறிக் கிடக்கிற தகவல்களைக் கணினியில் ஒன்றுசேர்த்து ஒழுங்காக்குவது. திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமும் படிக்கிறேன். வயது 33. ‘ஒன்றையாவது உருப்படியாகச் செய்’ என்று வீட்டில் ஏச்சு. நான் வெறும் கம்பியூட்டர் ரீச்சர்தான். மூன்றில் எதை விடட்டும்?
ச.

அன்புள்ள தங்கச்சிக்கு,

சட்டம் படிக்க 33 ஒரு வயதே இல்லை. வீட்டு ஏச்சு தானாக அடங்கும். ஆனால் அந்த ‘வெறும்’ இருக்கிறதே, அதை இனி எழுதாதீர்கள், கோபம் வருகிறது. உங்களிடம் படிக்கிற பிள்ளைகள்தான் நாளைக்குப் பிரதேச செயலகங்களில் இருந்து எங்கள் பெயர்களைப் பதியப்போகிறவர்கள்.

கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசிக்கிறேன். மீள்குடியேறிய பிறகு சின்னம்மாவோடு காணி அலுவலாக ஓரிடத்துக்குப் போயிருந்தேன். புதுக்குடியிருப்புப் பக்கம் அவருக்குப் பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது. பெர்மிட்டில் பாக்கியம், அடையாள அட்டையில் பாக்கியலட்சுமி. கணினியில் தேடிய பொடியன், “அம்மா, உங்கட பேர் இதில இல்லை” என்றான். அவர் வெட்டுவித்த கிணறு காணியில் அப்படியே கிடந்தது.

சரி, பெயரை விட்டு அடையாள அட்டை இலக்கத்தை நம்பலாமா? பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூடும். 2016இலிருந்து வரும் அட்டையில் 12 இலக்கம்: ஆண்டு முழுதாக வரும், இடையில் ஒரு சுழியம் சேரும், எழுத்து போய்விடும். இது தெரியாமல் பழைய இலக்கமுள்ள பெயர்ப் பட்டியலையும் புதிய இலக்கமுள்ளதையும் பொருத்தினால் ஒரே மனுசி இரண்டு பேராகிவிடுவா. இடம்பெயர்ந்து ஓடிப் பத்திரமெல்லாம் தொலைத்த வன்னிச் சனத்துக்கு அந்தப் பட்டியலை விட்டால் வேறென்ன இருக்கிறது? அதை ஒழுங்காகப் பொருத்த உங்கள் இரவு வேலை வேண்டும். பிழை பிடிபட்ட பிறகு சட்டம் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய பிழையான தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையைச் சொல்கிறது. அதைக் காட்டி ஒரு கடிதம் எழுதித்தர அன்றைக்குச் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் ஆளும் இல்லை, அப்படியொரு சட்டமும் இல்லை.

எதையும் விடவேண்டாம். நேரம் போதாவிட்டால் சட்டப் படிப்பை ஒரு வருசம் இழுத்துப் படியுங்கள். அடுத்த கிழமை வகுப்பில், பழைய இலக்கத்தைப் புதியதாக்கும் சின்ன நிரலொன்றைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவியுங்கள், பைத்தன் என்ற நிரல்மொழி போதும். அம்மம்மாவின் அட்டையைப் பார்த்துவரச் சொல்லுங்கள். ஆனால் இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வரவிடாதீர்கள், ஏன் கூடாது என்பதையும் அன்றைக்கே படிப்பியுங்கள்.