தாராவியில் இருந்தபடி ஊர்ப் பட்டாவை மாற்ற

அண்ணாச்சி, அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார், நாங்குநேரிப் பக்கத்து நிலத்தின் பட்டா இன்னும் அவர் பெயரில் இருக்கிறது, தாராவியில் இருந்தே என் பெயருக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் பெயருக்கு மட்டும் நேரே மாறாது. முதலில் தாலுகா ஆபீஸ் தரும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதில் அம்மா, கட்டிக்கொடுத்த தங்கை எல்லோரும் வருவார்கள். அப்பாவைப் பெற்ற ஆச்சி இருந்தால் அவரும்தான். அதை வைத்து விண்ணப்பித்தால் கூட்டுப் பட்டாதான் கிடைக்கும். தனிப் பட்டா வேண்டுமென்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ, எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரமோ பதிய வேண்டும். நிலத்தைத் துண்டாக்கினால் சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்த பிறகே பட்டா.

எங்கள் வீட்டில் இழுத்தடித்தது பெயர்தான். மும்பை இறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்குப் பின்னால் தாத்தா பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டாவிலோ 'சுடலைமுத்து' என்ற பெயர் 'சுடலமுத்து' ஆகியிருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட இரண்டு தடவை ரயில் ஏறினேன். அதனால் இன்றைக்கே தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டாவை எடுத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள், காசு கிடையாது. விண்ணப்பத்தையும் ஆன்லைனில் போடலாம். சர்வேயர் வரும் நாளில் மட்டும் எல்லைக்கல்லைக் காட்ட ஊரில் ஓர் ஆள் நிற்கட்டும்.