ஹான் காலத்து ஜேட் காவல் விலங்கு என்று விற்கிறார்களே, அசலா என எப்படிச் சோதிப்பது?

கேள்வியில் உள்ள பொருள் இது: இணைய ஏலத்தில் வந்திருக்கும் உள்ளங்கை அளவு ஜேட் சிற்பம், சிறகு முளைத்த சிங்கம் போன்ற பீஷியே என்ற சீனக் காவல் விலங்கு, "ஹான் வம்சம், கி.மு. 100" என்ற விளக்கத்துடன். ஹான் என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவை ஆண்ட வம்சம்.

போலி என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். அசல் என்று அடித்துச் சொல்வதுதான் ஆய்வகத்துக்கே கஷ்டம். கார்பன் தேதியிடல் கல்லுக்குச் செல்லாது. கல் எப்போது உருவானது என்று தெரிந்தாலும், அதை எப்போது செதுக்கினார்கள் என்று அது சொல்லப்போவதில்லை.

முதலில் கல்லைப் பாருங்கள். ஜேட் என்பது நெஃப்ரைட், ஜேடைட் என்ற இரு வேறு கற்களுக்கும் பொதுப் பெயர். பழைய சீனச் சிற்பங்கள் நெஃப்ரைட் வகை ஜேடில் செய்யப்பட்டவை. பளீரென்ற பச்சை ஜேடைட் பர்மாவிலிருந்து பரவலாக வரத் தொடங்கியதே 18ஆம் நூற்றாண்டில். ஆகவே "ஹான் ஜேடைட்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சந்தையில் அதிகம் கிடைப்பது ஜேடும் அல்ல, செர்பென்டைன் என்ற மென்மையான கல்.

இதைப் பிரிக்க அடர்த்தி போதும். 0.1 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசில் சிற்பத்தை எடை போடுங்கள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, சிற்பத்தை நூலில் கட்டி முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. உதாரணமாக 236 கிராம் சிற்பத்துக்குத் தண்ணீரில் 80 காட்டினால் 2.95, அதாவது நெஃப்ரைட். 71 என்றால் ஜேடைட், 89 என்றால் குவார்ட்சைட் (குவார்ட்ஸால் ஆன கல்), 92 என்றால் செர்பென்டைன். கால்களுக்கு இடையே காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், தூரிகையால் தட்டிவிடுங்கள். 1 கிராம் மட்டுமே காட்டும் சமையல் தராசில் 30 கிராம் சிற்பத்தைப் போட்டுப் பார்ப்பது வீண்வேலை. கத்தியால் கீறிப் பார்ப்பதும் வேண்டாம்: குவார்ட்சைட்டிலும் கீறல் விழாது, அசலாக இருந்தால் சேதம் உங்களுக்கு.

நெஃப்ரைட்தான் என்று தெரிந்தாலும் பழசு என்று ஆகிவிடாது. கருவித் தடத்தைப் பார்க்க வேண்டும். 10 மடங்கு லென்ஸும், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த டார்ச்சும் தேவை. இந்தக் கல் உளிக்கு மசியாது. கடினம் 6 முதல் 6.5 வரை, அதைவிடக் கடினமான குவார்ட்ஸ் மணலைத் தண்ணீரோடு சேர்த்து, சுழலும் சக்கரத்தால் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் எடுத்தார்கள். சக்கரம் விட்ட கோடு நடுவில் ஆழமாகவும் இரு முனையிலும் மெலிந்தும் இருக்கும். வளைவு என்பது குட்டிக் குட்டி நேர்க்கோடுகளின் தொடர். அங்கங்கே கோடு எல்லை தாண்டி வெளியே ஓடியிருக்கும். வைரப் பொடி பூசிய நவீன முனையின் கோடு தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அகலம், ஓரத்தில் பொடிப்பொடியாகச் சிதறல். துளை இருந்தால் அதன் உள்ளே பாருங்கள்: பழைய துளைகள் பலவற்றை இரு பக்கத்திலிருந்தும் குடைந்திருப்பார்கள், நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு படி தட்டும். உடம்பு பளபளவென்றும் கோட்டின் உட்புறம் மங்கலாகவும் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். பிரிட்டிஷ் மியூசியத்தில் இதே தடங்களைச் சிலிக்கோனில் அச்செடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது, விற்பவர் பெருமையாகக் காட்டும் வெள்ளைப் படலமும் பழுப்புக் கறையும். புதைந்த ஜேட் வெளுப்பது உண்மை. ஆனால் அந்த வெளுப்பு வெடிப்பு வழியாக, பலவீனமான நரம்பு வழியாக, ஒழுங்கில்லாமல் உள்ளே இறங்கும். செதுக்கிய கோட்டின் அடியிலும் தொடரும். வெள்ளையை வெட்டிக்கொண்டு கோடு போய், அதன் அடியில் புதுக் கல் தெரிகிறதென்றால், வெளுத்த பிறகு செதுக்கியிருக்கிறார்கள். தீயில் சுட்டு வெளுக்கவைத்ததில் உடம்பெங்கும் வலைபோல் நுண்வெடிப்பு இருக்கும். சாயம் ஏற்றியதில் நிறம் பள்ளங்களிலும் துளையிலும் தேங்கி நிற்கும். பழுப்பெல்லாம் புதைகுழிக் கறையும் அல்ல: ஆற்றுக் கூழாங்கல்லின் இயற்கைத் தோலே அப்படித்தான், அழகுக்காக அதைக் கொஞ்சம் விட்டுவைப்பதும் உண்டு.

கடைசியாக உருவம். ஒப்பிட நம்பகமானவை அகழ்விடம் தெரிந்தவை மட்டுமே. சீனாவின் ஷியான்யாங் நகருக்கு அருகே, கி.மு. 33இல் இறந்த ஹான் பேரரசர் யுவானின் வெய்லிங் கல்லறைப் பகுதியில் கிடைத்த சிறிய பீஷியேக்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். மார்பை முன்தள்ளி, பதுங்கி நடக்கும் உடல், தோளோடு ஒட்டிய சிறகு. பெரிய அளவுக்கு, இன்னொரு ஹான் பேரரசர் ஊவின் மாவ்லிங் கல்லறை அருகே 1975இல் கிடைத்த, கதவில் பொருத்தும் ஜேட் விலங்குமுகம்: 10.6 கிலோ, விலங்கு முகத்தைச் சுற்றி டிராகன், புலி, செம்பறவை, ஆமை என்ற திசைக்காவலர் நால்வர். ஏலங்களில் அடிக்கடி வரும், தலையைத் திருப்பியபடி சுருண்டு படுத்த விலங்கு பெரும்பாலும் ஹானுக்குப் பல நூற்றாண்டு பிந்திய மிங், சிங் வம்சங்களின் காலத்து வகை, அல்லது நேற்றுச் செய்தது. 18ஆம் நூற்றாண்டின் சிங் பேரரசர் சியான்லோங் காலத்து அரண்மனைப் பட்டறைகளே பழைய பாணியைப் பார்த்துச் செய்திருக்கின்றன. அவை நல்ல சிற்பங்கள், ஆனால் ஹான் அல்ல.

விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: அடிப்புறம், துளையின் உட்புறம், சாய்வொளியில் சிறகு, பின்னாலிருந்து ஒளி விட்டது. கூடவே, யார் கையிலிருந்து எந்த ஆண்டு வாங்கியது என்பதற்கான பழைய ரசீது அல்லது ஏலப் பட்டியல். "தாத்தா சேகரிப்பு" என்பது ஆவணம் ஆகாது. ஆவணம் இல்லையென்றால், புதுச் சிற்பம் என்று நினைத்து அதற்கு என்ன தருவீர்களோ, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏலம் கேட்காதீர்கள்.