'பிளக்' (pluck) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் 'பறித்தல்' என்று மட்டும் பொருள் சொன்னால் போதுமா?

போதாது. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அகராதியின் முதல் வரியோடு நிறுத்திவிடாதீர்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், வளர்ந்தவள். ஏழாம் வகுப்பில் ஆசிரியை இதே சொல்லுக்குப் பொருள் கேட்டார். "கொழுந்து எடுப்பது, டீச்சர்" என்றேன். "பூப் பறிப்பதற்குத்தான் அந்தச் சொல். சிலோன்காரப் பிள்ளைக்கு எப்போதும் கொழுந்து நினைப்புதான்" என்றார். வகுப்பே சிரித்தது. நான் சொன்னது சரி என்று தெரியப் பத்து ஆண்டுகள் ஆயின. தேயிலைத் தொழிலில் கொழுந்து எடுப்பதற்கு ஆங்கிலப் பெயரே 'பிளக்கிங்'தான். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று எடுத்தால் 'ஃபைன் பிளக்கிங்'. முற்றிய இலையும் சேர்ந்தால் 'கோர்ஸ் பிளக்கிங்'. 'பிக்' (pick) என்றும் சொல்வார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் தேர்ந்தெடுப்பது தெரிகிறதே தவிர, இழுப்பு தெரிவதில்லை.

அம்மா நகம் படாமல் இரண்டு விரலுக்கு நடுவே தண்டைப் பிடித்து வெடுக்கென்று எடுப்பார். அந்த வெடுக்குதான் இந்தச் சொல்லின் உயிர். கிட்டார் தந்தியைச் சுண்டுவதும் புருவ முடியைப் பிடுங்குவதும் இதே வினைதான்.

இன்னொன்றைக் கவனியுங்கள். பூவை 'பிளக்' செய்தால் கையில் வருவது பூ. கோழியை 'பிளக்' செய்தால் வருவது இறகு. கொழுந்துக்கும் சொல்லலாம், கொழுந்து எடுக்கும் மலைக்கும், அதாவது தேயிலைக் காட்டுக்கும், சொல்லலாம். தமிழில் கோழியைப் பறித்தேன் என்றால் பொருளே மாறிவிடும்.

பழைய ஆங்கிலத்திலேயே இருக்கும் சொல் இது. மயிரைக் குறிக்கும் 'பிலுஸ்' என்ற லத்தீன் சொல்லோடு பெரும்பாலும் தொடர்புடையது என்கிறார்கள். மொழியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், 'பெரும்பாலும்' என்றுதான் எழுதியிருக்கிறேன். அறுத்த ஆட்டிலிருந்து பிடுங்கி எடுக்கும் இதயம், ஈரல், நுரையீரலுக்கும் 'பிளக்' என்றே பெயர். இதயம் அதில் இருப்பதால் 18ஆம் நூற்றாண்டில் துணிச்சல் என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. 'பிளக் அப் கரேஜ்' என்றால் துணிச்சலை வரவழைத்துக்கொள்வது.

கேள்விக்குத் தொடர்பில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். நான் பிறந்தது கோத்தகிரியில். இன்றைக்கும் கடைவீதியில் எனக்குப் பெயர் 'சிலோன்காரம்மா'தான்.