'கறார்' என்றால் பிடிவாதமா?

"'கறாராகச் சொல்லிவிட்டார்' என்கிறார்களே, பிடிவாதமாகச் சொன்னார் என்று அர்த்தமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது. பிடிவாதத்தோடு இதைச் சேர்க்க மனம் வரவில்லை.

அரபியில் 'கரார்' என்றால் நிலைபெற்றது, முடிவானது. பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. இந்தியில் இன்றும் அது ஒப்பந்தத்தைக் குறிக்கிறது. பேசி முடித்தாயிற்று, இனி மாற்றமில்லை என்ற அந்தக் கருத்துதான் நம் 'கறார் விலை'யிலும் இருக்கிறது. பேரத்துக்கு இடமே இல்லாத விலை. அதே குணம் ஆளுக்கு இருந்தால் 'கறார் பேர்வழி'.

கறாருக்கு எதிரே இன்னொருவர் வேண்டும். நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கலோ கெடுவோ விதியோ இருக்க வேண்டும். "அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வந்துடணும் தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் வீட்டுக்காரர், ஆறாம் தேதி காலையில் வாசலில் நிற்பார். குடியிருப்பது சொந்த மருமகனாக இருந்தாலும் நிற்பார். அவர்தான் கறாரானவர். இதற்குக் கோபமோ கடுகடுப்போ தேவையில்லை. பொம்மை கேட்டுத் தரையில் புரளும் குழந்தை பிடிப்பது அடம். அதை யாரும் கறார் என்பதில்லை.

கண்டிப்பு இதற்கு நெருங்கிய சொல்தான். ஆனால் அது பெரும்பாலும் மேலிருந்து கீழே வருவது: அப்பா, ஆசிரியர், அதிகாரி. கறாருக்கு மேல் கீழ் கிடையாது. வேலைக்கு வந்தவரும் முதலாளியிடம் "பேசின கூலி சாயங்காலமே கைக்கு வந்துடணும்" என்று கறாராகச் சொல்லலாம். இன்னொன்று, 'கண்டிப்பாக வருவேன்' என்போம், 'கறாராக வருவேன்' என்று சொல்லவே மாட்டோம்.

வைராக்கியம் வேறு. அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம்.

'கறாரான விமர்சனம்' என்றும் எழுதுகிறார்கள். நண்பர் எழுதியது என்பதற்காக அளவுகோலைத் தளர்த்தாத விமர்சனம் என்று பொருள், நல்ல பிரயோகம். ஆனால் வெறும் வசவுக்கும் இப்போது இதே பெயரைச் சூட்டுகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. திட்டுவதற்கு அளவுகோலே வேண்டாமே!

எழுதும்போது வல்லின 'ற' போடுங்கள்: கறார், கறாரான, கறாராக. பழைய எழுத்துகளில் 'கரார்' என்றும் கண்ணில் படலாம்; அதுவும் இதே சொல்தான்.