தொலைவிலிருந்து நுழைவது யார்?

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை எடை பதிய சி ஷார்ப் செயலி வைத்திருக்கிறோம். ரிமோட் டெஸ்க்டாப்பில் (வேறு கணினியிலிருந்து விண்டோஸுக்குள் நுழையும் வசதி) நுழைபவர் எடை பதியக் கூடாது. செயலிக்கே அது தெரியுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தெரியும். விண்டோஸ் ஃபார்ம்ஸில் 'சிஸ்டம்இன்ஃபர்மேஷன்.டெர்மினல்சர்வர்செஷன்' உண்மை என்றால் ரிமோட். சி மொழியில் 'கெட்சிஸ்டம்மெட்ரிக்ஸ்' சார்புக்கு 4096 கொடுங்கள். விடை 0 என்றால் நேரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

செயலி திறக்கும்போது மட்டும் சோதிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. காலையில் எடை மேடையருகே திறந்த செயலியை, அதே பயனர் பெயரில் மதியம் கோவையிலிருந்து நுழைபவர் அப்படியே கைப்பற்றலாம். ஆகவே இணைப்பு மாறும்போதெல்லாம் செயலிக்குச் சொல்லும் 'சிஸ்டம்ஈவன்ட்ஸ்.செஷன்ஸ்விட்ச்' நிகழ்வைக் கேளுங்கள். 'ரிமோட்கனெக்ட்' வந்தால் பதிவுக் கட்டத்தைப் பூட்டுங்கள். 'ரிமோட்டிஸ்கனெக்ட்' வந்ததும் திறந்துவிடாதீர்கள். மலையில் இணைப்பு அறுந்து அறுந்து வரும், அவரே மறுபடி நுழைவார். நேரே கணினி முன் நுழைந்ததைச் சொல்லும் 'கன்சோல்கனெக்ட்' வந்தபின் திறங்கள். 'செஷன்ஸ்விட்ச்' ஸ்டாட்டிக் நிகழ்வு (எந்த ஒரு பொருளையும் சாராமல் வகுப்புக்கே உரியது). அதைக் கேட்கும் சார்பைச் செயலியை மூடும்போது கழற்றாவிட்டால் நினைவகம் கசியும்.

இணைப்பின் பெயரைச் சொல்லும் 'செஷன்நேம்' சூழல் மாறியை (விண்டோஸ் செயலிக்குத் தரும் அமைப்பு மதிப்பு) நம்பவே வேண்டாம். செயலி தொடங்கியபோது இருந்த மதிப்பே அதில் கிடக்கும்.

தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்களான எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் எதிரிலுள்ள திரையையே பகிர்வதால் இந்தச் சோதனைகளில் சிக்கா. அவற்றைத் தடுக்க, அந்தக் கணினியில் நிறுவும் உரிமையையே எடுத்துவிடுங்கள். நிறுவாமலே ஓடும் எனிடெஸ்க்கும் உண்டு. அதை அடக்க, எந்த நிரல் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் விண்டோஸின் ஆப்லாக்கரில் விதி போடுங்கள்.