கேள்வி பதில்: தாவர ஸ்டெராலை உடல் என்ன செய்கிறது?

கேள்வி: தாவர ஸ்டெரால் என்றால் என்ன?
பதில்: கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய சொந்தம், தாவரச் செல்களின் சவ்வில் இருப்பது. சமையல் எண்ணெய், தானியம், கொட்டை எல்லாவற்றிலும் உண்டு.

கேள்வி: அப்படியானால் இதுவும் ரத்தத்தில் சேருமே?
பதில்: எனக்கு மிகப் பிடித்த இடம் இது. சிறுகுடல் செல்லில் உள்ள என்பிசி1எல்1 என்ற புரதம் கொலஸ்ட்ரால், தாவர ஸ்டெரால் இரண்டையும் உள்ளே எடுக்கிறது. உள்ளே வந்த தாவர ஸ்டெராலை ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற ஜோடிப் புரதங்கள் குடலுக்கே திருப்பித் தள்ளுகின்றன. அதையும் தாண்டிப் போவதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றுகிறது. உணவுக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ பாதி உடலில் சேரும். தாவர ஸ்டெராலில் 5 சதவீதம்கூடச் சேராது.

கேள்வி: எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் குறையுமா?
பதில்: தினம் 2 கிராம் எடுத்தால் 8 முதல் 10 சதவீதம் குறையும். குடலில் கொழுப்பைச் சுமக்கும் நுண்துளிகளில் கொலஸ்ட்ராலின் இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. சாதாரண உணவில் அரை கிராம் கிடைத்தாலே அதிகம்; 2 கிராமுக்கு இதைச் சேர்த்துச் செறிவூட்டிய பொருள்கள் வேண்டும். இதை நம்பி ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மாத்திரைக்குப் பதில் இதை எடுக்கலாமா?
பதில்: கூடாது. மேலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: இது ரத்தத்தில் ஏறினால் மாரடைப்பு வரும் என்கிறார்களே, நீங்கள் எப்படி ஆதரிக்கிறீர்கள்?
பதில்: நீங்கள் சொல்வது சிட்டோஸ்டெரோலீமியா. 1974இல் இரு சகோதரிகளிடம் கண்டறியப்பட்ட அரிய பரம்பரை நோய். அந்த ஜோடிப் புரதங்களில் ஒன்று பழுதானால் தாவர ஸ்டெரால் ரத்தத்தில் குவியும், தசைநாண்களில் கொழுப்புக் கட்டிகள் வரும், இளவயதிலேயே இதயக்குழாய் அடைபடலாம். வழக்கமான ரத்தப் பரிசோதனை இதையும் கொலஸ்ட்ரால் என்றே எண்ணிவிடும். பிரித்துப் பார்க்க வாயு நிறவரைவியல் என்ற ஆய்வகச் சோதனை வேண்டும். குழந்தைக்கு இப்படிக் கட்டிகள் இருந்தால் அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு எசெட்டிமைப் என்ற மருந்து பலன் தரும்.

கேள்வி (அதே நண்பர்): சரி, நோய் இல்லாதவருக்குக் கொஞ்சம் ஏறினாலும் கொஞ்சம் ஆபத்துதானே? மழுப்பாதீர்கள்.
பதில்: மழுப்பவில்லை. இதில் நிபுணர்களே பிரிந்து நிற்கிறார்கள். எல்டிஎல் குறைவது உறுதி. மாரடைப்பு குறைகிறது என்று எந்தப் பரிசோதனையும் இதுவரை நிரூபிக்கவில்லை. அதனால்தான் எல்டிஎல் சரியாக இருப்பவர்களுக்கு இந்தச் செறிவூட்டிய பொருள்கள் வேண்டாம் என்கிறேன். காய், கொட்டை, தானியத்தில் வருவதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: கர்ப்பிணிகள்?
பதில்: செறிவூட்டியவை வேண்டாம். பாலூட்டுபவர்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அதே பதில்தான்.

கேள்வி: சர்க்கரைக்கு நல்லதா?
பதில்: என் துறை இல்லை. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒரு மாதம் எடுத்துவிட்டு ஸ்டாட்டினை நிறுத்தலாமா?
பதில்: நிறுத்தாதீர்கள்.