நிணநீர்க்கணுத் திசுவில் இருக்கும் வெள்ளையணுக்களில் எது டி செல், எது பி செல் என்று ஒரே ஆன்டிபாடியை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. பேத்தாலஜி லேபில் ஐஹெச்சி (ஒரு குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டு, அந்தப் புரதம் உள்ள செல்லைப் பழுப்பாக்கிக் காட்டும் முறை) ஸ்லைடுகளோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். பழுப்பு நிறம் வந்திருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். எந்த இடத்தில், எந்த மாதிரிச் செல்லில் வந்திருக்கிறது என்பதுதான் மீதி.

இதைக் கற்றுக்கொள்ள டான்சிலைப் போல நல்ல திசு இல்லை. பல லேப்களில் கன்ட்ரோலாக, அதாவது நிறம் சரியாக ஏறுகிறதா என்று சரிபார்க்க, வைப்பதும் அதைத்தான். சிடி20 (இனி வரும் இப்படிப்பட்ட பெயர்கள் எல்லாம் புரதங்கள்; அவற்றுக்கான ஆன்டிபாடியைத்தான் போடுகிறோம்) போட்டால் ஃபாலிக்கிள்கள் எனும் வட்ட வட்டமான செல் கூட்டங்கள் பழுப்பாகும். அவை பி செல்கள். சிடி3 போட்டால் ஃபாலிக்கிள்களுக்கு இடைப்பட்ட பகுதி நிறமேறும். அங்கே டி செல்கள். சிடி21 போட்டால் ஃபாலிக்கிளுக்குள் ஃபாலிக்குலர் டென்ட்ரிடிக் செல்கள் எனும் கிளைவிட்ட செல்களின் பின்னல் தெரியும். இதுவரை சுலபம்.

சிடி4 என்றால் ஹெல்பர் டி செல் என்று படித்திருப்பீர்கள். ஆனால் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜும் சிடி4 காட்டும். ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்லுக்கு சிடி138 போடுகிறோம், டான்சிலை மூடியிருக்கும் எபிதீலியமும் சேர்ந்து பழுப்பாகிறது. அதனால்தான் டி செல்லைக் காட்டும் சிடி3, மேக்ரோஃபேஜைக் காட்டும் சிடி68 எல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது பிசிஎல்2. சாதாரணமாக வீங்கிய கணுவில், ஃபாலிக்கிளின் நடுப்பகுதியான ஜெர்மினல் சென்டரின் பி செல்கள் இதற்கு நிறமேறாது; சுற்றியுள்ள மேன்டில் செல்கள் நிறமேறும். ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்ற பி செல் புற்றுநோயில், பெரும்பாலான கேஸ்களில், நடுவிலிருக்கும் பி செல்களே பழுப்பாகிவிடும். சரி, நடுவில் பழுப்பு தெரிந்தால் லிம்ஃபோமாவா? அவசரப்படக் கூடாது. ஜெர்மினல் சென்டருக்குள்ளும் டி செல்கள் சிதறி இருக்கும், அவை பிசிஎல்2 காட்டும். அதே ஃபாலிக்கிளை சிடி3 ஸ்லைடிலும் சிடி20 ஸ்லைடிலும் தேடிப் பிடித்து ஒப்பிட வேண்டும். சிடி10, பிசிஎல்6 இரண்டும் அது ஜெர்மினல் சென்டர்தானா என்பதை உறுதிப்படுத்தும். ஒருவருக்குப் புற்றுநோய் என்று எழுதப்போகும் இடம் இது. இந்த ஒப்பீட்டுக்கு எவ்வளவு நேரம் செலவானாலும் தகும்.

அப்புறம், லிம்ஃபோமாவுக்கு ரிடுக்சிமேப் என்ற மருந்து கொடுத்த நோயாளியின் பயாப்சியில் பி செல்கள் இருந்தும் சிடி20 வராமல் போகலாம், ஏனென்றால் அந்த மருந்து குறிவைப்பதே சிடி20-ஐத்தான். அப்போது பி செல்லைக் காட்டும் வேறு புரதங்களான பாக்ஸ்5, சிடி79ஏ போட்டுப் பார்ப்போம். திசுவோடு அனுப்பும் படிவத்தில் முன்பு என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்று தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.